பல் டாக்டர் சுவரில் ஒரு காடு

1955 ஜூன் 6, திங்கள்

இந்த டைரி இன்றுதான் என் கைக்கு வந்தது. சைகோனில் ஏதோ மருந்துக் கடைக்காரன் அச்சடித்தது. மாதம், கிழமை எல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன. பாதி வருஷம் ஓடிப்போன டைரியை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார் என்றால், ஒன்று அவர் கஞ்சனாக இருக்க வேண்டும், அல்லது அவருக்கு நம்மிடம் காரியம் ஆக வேண்டும். கோவிந்தசாமி டாக்டர் இரண்டும்தான்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். பதினெட்டு வருஷம் சைகோனில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பல் பிடுங்கிவிட்டுப் போன வருஷம்தான் ஊர் திரும்பினார். அவருடைய போர்டில் பிரெஞ்சை அழித்துவிட்டுத் தமிழில் எழுதப் போயிருந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஏழு மாதமாகியும் இந்த ஊரில் போர்டு மாற்றுகிற வேலை தீரவில்லை. என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. எழுதிவிட்டு ஏணியை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கூடத்தில் நீளமாக ஒரு பெஞ்சு. எதிரே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பதினாறடி மொட்டைச் சுவர்.

"பாய், உள்ள ஒருத்தரு ஐயோன்னு கத்துனா வெளிய பெஞ்சு காலியாயிடுது. நேத்து மூணு பேரு ஓடிட்டாங்க. ஒருத்தரு செருப்பக்கூட எடுக்கல. இந்தச் சுவத்துல ஒரு காடு வரைஞ்சு குடுங்க. பாத்தா மனசு அப்படியே கால்ம் ஆயிடணும். கால்ம்!"

அமைதிக்குப் பிரெஞ்சில் கால்ம். அதைச் சொல்லும்போதே கத்தித்தான் சொன்னார்.

ஒப்புக்கொண்டேன். ஒரே நிபந்தனை சொன்னேன்: மரம், செடி, கொடி, தண்ணீர் எல்லாம் உண்டு. உயிருள்ள பிராணி எதுவும் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் கல்யாணம் பேசும்போது பதுருன்னிசா கேட்ட ஒரே வாக்கு அது. எங்கள் மார்க்கத்தில் அது சரியும்கூட. அவளுக்காக சினிமா பேனர் எழுதும் வேலையை விட்டேன். ஆள் உயர முகங்கள், குதிரைகள், யானைகள் எல்லாம் வரைந்த கை இது. விடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மெட்ராஸில் — சரி, அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூன் 8

டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரே ஒரு மான் வேண்டுமாம். தண்ணீர் குடிக்கிற மாதிரி. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம்.

"டாக்டர், நான் மான் வரைஞ்சா அது எழுந்து ஓடிப்போயிடும். அதனாலதான் வரையறதில்ல" என்றேன். எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் நான் சொல்லும் பதில் இதுதான். சொல்லிவிட்டு உள்பக்கம் பார்த்தேன். பதுருன்னிசா மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

ஜூன் 11

ஒரு சங்கடம். நான் காட்டைப் பார்த்ததே இல்லை.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. பிறந்தது, வளர்ந்தது, சுன்னத் செய்துகொண்டது எல்லாம் இந்த ஊரில்தான். கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் ஏரியும் சவுக்குத் தோப்பும். சரி, மரம்தானே என்று பொட்டானிக்கல் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்து வரைந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் கழுத்தில் பெயர்ப்பலகை. பரேடில் நிற்கிற சிப்பாய்கள் மாதிரி இடைவெளி விட்டு நிற்கின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் காடு வரவில்லை, போலீஸ் லைன் வந்திருந்தது.

ஜூன் 12

காடு எப்படித்தான் இருக்கும்?

ஜூன் 16, வியாழன்

கிடைத்துவிட்டது! மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். வஞ்சிரம் வந்திருக்கிறது என்று கூட்டம் முண்டியது. முன்னால் நாலைந்து பருத்த உடம்புகள் அசையாமல் நிற்க, நடுவில் ஒல்லியானவர்கள் சந்து கிடைத்த இடத்தில் நுழைய, பின்னால் ஒரு நெட்டை ஆள் எல்லோர் தலைக்கு மேலும் கழுத்தை நீட்டினார். ஒருத்தி இன்னொருத்தி தோளில் சாய்ந்து கடன் கேட்டாள். காடு என்றால் இதுதானே? எல்லோருக்கும் வெளிச்சம் வேண்டும், எவரும் வரிசையில் நிற்பதில்லை.

அங்கேயே பென்சிலை எடுத்துவிட்டேன். மீன் வாங்க மறந்துபோனேன். பதுருன்னிசா கூடையைப் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள்.

ஜூன் 20

சுவர் வேலை ஆரம்பம். டாக்டரின் கம்பவுண்டர் மண்ணாங்கட்டி, ஐம்பது வயது ஆள், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்டார். அவருக்குச் சொன்னேன்: "சுவர் வேலைல முக்காவாசி சொரண்டறதுதான் அண்ணே. பழைய சுண்ணாம்ப அடியோட சொரண்டாம மேல வர்ணம் அடிக்கிறவன் பெயிண்டரே இல்ல, ஏமாத்துக்காரன்." என் உஸ்தாத் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். மண்ணாங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

ஜூன் 22

சுரண்டின தூசியில் நோயாளிகள் இருமுகிறார்கள். பல்வலிக்கு வந்தவர்களுக்குப் புதிதாக ஒரு வியாதி. டாக்டர் வெளியே வந்து, "போதும் பாய், போதும், பெயிண்ட எடுங்க" என்று கும்பிட்டார்.

வலது கோடியில், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், மூன்று முழம் மட்டும் சுரண்டவில்லை. அங்கே புல்லும் நிழலும்தானே வரப்போகிறது. யாருக்குத் தெரியும்? இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்கே உறுத்தும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 2

அமைதியான காட்டை வரைவதற்கு இதைவிட மோசமான இடம் உலகத்தில் கிடையாது. உள்ளே ஒருவர் அலறும்போதெல்லாம் என் கை துள்ளுகிறது. துள்ளின இடத்தில் எல்லாம் ஒரு இலையைப் போட்டு மறைக்கிறேன். இதுவரை நாற்பது இலை அப்படி வந்தவை.

இன்று பொறுமை போய், "கொஞ்சம் சும்மா இருங்கய்யா! இங்க ஒருத்தன் அமைதிய வரைஞ்சிக்கிட்டு இருக்கான்ல!" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கால்ம் இல்லை.

ஜூலை 19, செவ்வாய்

முடிந்தது. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி மரங்கள், மேலே இலைகளுக்கு நடுவே வெளிச்சம். வலது கோடியில் கோரைப்புல்லும் இருட்டும். நானே ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் நோயாளி வீராம்பட்டினத்து மீன்காரி தனக்கொடி. கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள், பார்த்தாள். உள்ளே ஒருவர் கத்தினார். அவள் அசையவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இன்னா பாய், இந்த மரம் எங்க மாமியா மாரியே நிக்கிது?" என்றாள்.

திடுக்கிட்டுப் போனேன். அது மார்க்கெட்டில் வரைந்த பருத்த அம்மாள்தான். யார் கண்டது, அவளுடைய மாமியாராகவே இருக்கலாம். இப்போது எனக்கு ஒரு சந்தேகம்: மாமியார் மாதிரி நிற்கிற மரம் உயிருள்ள உருவமா, இல்லையா? பதுருன்னிசாவிடம் கேட்கலாமா? வேண்டாம். மரம் மரம்தான்.

ஆகஸ்ட் 3

பெஞ்சு நிறைந்திருக்கிறது. யாரும் ஓடுவதில்லை. மண்ணாங்கட்டிக்குத்தான் புதுப் பிரச்சினை: காட்டைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்களாம். "அடுத்தது யாருன்னு கேட்டா கொறட்டதான் பாய் பதிலு வருது."

டாக்டர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இந்தக் காட்டைப் பற்றி வீட்டில் தினமும் சொல்கிறேன். பதுருன்னிசா கேட்டுக்கொள்கிறாள். பார்க்க வருகிறாயா என்றால், "பல்லு நல்லாத்தான இருக்கு" என்கிறாள்.

ஆகஸ்ட் 19

வீராம்பட்டினம் தேர். ஊரில் ஒருவருக்கும் பல்வலி இல்லை.

அக்டோபர் 21

மூன்று நாளாக விடாத மழை. போர்டு வேலை எதுவும் நடக்கவில்லை. வீட்டில் இருந்து எல்லோரையும் கோபித்துக்கொண்டேன். எல்லோரும் என்றால் பதுருன்னிசாவும் பூனையும்தான். மகள் ஜரினா அவள் நன்னியம்மா வீட்டில், அதாவது என் மாமியார் வீட்டில், இருக்கிறாள், தப்பித்தாள்.

அக்டோபர் 24, திங்கள்

மண்ணாங்கட்டி குடையோடு ஓடிவந்தார். "பாய், நீங்க பலே ஆளு! சொல்லவே இல்லியே!"

என்ன சொல்லவில்லை? போய்ப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வலது கோடியில் குவிந்திருந்தார்கள். முன்னால் தனக்கொடி, அடுத்த பல்லுக்காக வந்தவள். "தோ பாரு, காது. தோ முதுவு. குந்திக்கினு இருக்குது, பாஞ்சிடப் போவுது" என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

புலி.

சத்தியமாகச் சொல்கிறேன், புலி. கோரைப்புல்லுக்கு நடுவில் பதுங்கி, நம்மையே பார்க்கிறது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சுரண்டாத மூன்று முழம். மழை ஈரத்தில் மேல்வர்ணம் பொரிந்து உதிர்ந்து, அடியிலிருந்த மஞ்சள் சுண்ணாம்பு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. நான் போட்ட கறுப்புக் கோரைப்புல் அதன் மேல் வரிவரியாக நிற்கிறது. கடற்கரை ஊரில் சுவர் உப்புப் பூக்கும், உரியும் என்று தெரியாதவனா நான்?

டாக்டர் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "உயிரு வரைய மாட்டேன்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சு, மழை வந்ததும் வெளிய வர மாரி — மொன் தியே, கடவுளே! என்ன மூளை பாய் உங்களுக்கு!"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 'டாக்டர், நான் சுவரைச் சுரண்டவில்லை, அது உதிர்கிறது' என்று. பக்கத்தில் மண்ணாங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏமாற்றுக்காரன் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை என் காதிலேயே கேட்டது.

சிரித்தேன். சிரித்தது ஒரு குற்றமா?

அக்டோபர் 27

பல்வலி இல்லாதவர்களும் வருகிறார்கள். நேராக நின்றால் தெரியாது, பானைப் பக்கம் சாய்ந்தால்தான் வால் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புலியைத் தேடுகிற மும்முரத்தில் உள்ளே அலறுவது எவர் காதிலும் விழுவதில்லை. டாக்டர் சொல்கிறார், மரம் மட்டும் இருந்தபோது தூங்கினார்களாம், இப்போது விழித்துக்கொண்டே கால்மாக இருக்கிறார்களாம்.

தெருவில் போனால், "புலி பாய் போறாரு" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 30, ஞாயிறு

வந்துவிட்டது வினை. மாமனார் அன்வருதீன் குடைக்கடை வைத்திருப்பவர். மழைக்காலத்தில் ஊர்ச்சேதி எல்லாம் குடையோடு சேர்ந்து அவரிடம்தான் ரிப்பேருக்கு வரும். நேற்று மீலாது விழா மஜ்லிஸில் யாரோ அவரிடம், "உங்க மருமவன் வரைஞ்ச புலி பிரமாதம்" என்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறான். இன்று வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மாப்ள, எம் பொண்ணுக்குக் குடுத்த வாக்கு என்னா ஆச்சி?"

"மாமா, நான் வரையல."

"பின்ன, புலியே வந்து ஒக்காந்துச்சா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சுரண்டவில்லை என்றால் தொழில் போச்சு. வரைந்தேன் என்றால் வாக்கு போச்சு. பதுருன்னிசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 31

பூனையிடம் சொல்கிறாள்: "சோறு ஆறுது, சாப்புடச் சொல்லு."

பூனை என்னைப் பார்த்தது. சாப்பிட்டேன்.

நவம்பர் 3

மாமனார் புலியை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மண்ணாங்கட்டி சொன்னபடி எழுதுகிறேன். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து உற்றுப் பார்த்திருக்கிறார். புலி தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் காது, மூக்கு என்று காட்டியிருக்கிறார்கள். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது என்று மண்ணாங்கட்டி உள்ளே கூட்டிப்போய்விட்டார். "நான் பல்லுக்கு வரலய்யா, புலிக்கு வந்தேன்" என்று சண்டை பிடிக்க வாயைத் திறந்தாராம். திறந்த வாயில் டாக்டர் ஒரு ஆடுகிற பல்லைப் பார்த்துவிட்டார்.

நான் போனபோது கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். பேச முடியவில்லை. விரலை என்னை நோக்கி இரண்டு தரம் ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பல் மூன்று வருஷமாக அவரைப் படுத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 5

பூனையும் என்னிடம் பேசுவதாகத் தெரியவில்லை.

விளையாட்டாக எழுதுகிறேன், ஆனால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஏழு வருஷத்தில் அவள் இப்படி இருந்ததில்லை. கோபம் வந்தால் கத்துவது நான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வாள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. இப்போது வீட்டில் உண்மையான அமைதி. டாக்டர் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்.

நவம்பர் 9, புதன்

அழித்துவிடலாம் என்று முடிவு செய்து, காலையிலேயே கரும்பச்சை கலக்கிக்கொண்டு போனேன். தனக்கொடி குறுக்கே நின்றுவிட்டாள். அவளுக்கு இன்று பிடுங்க வேண்டிய பல்லும் இல்லை, வலியும் இல்லை, புலியைப் பார்த்துவிட்டுப் போகவே வந்திருக்கிறாள்.

"புலி மேல கைய வெச்ச, அந்தத் தூரிகைய ஒடிச்சிப்புடுவேன். எங்க ஊருல நாலு பேரு இதப் பாத்துக்கினுதான் பல்லு புடுங்கிக்க ஒத்துக்கினாங்க, தெரிமா?"

டாக்டரும் ஓடிவந்தார். "உங்க திறமய நீங்களே அழிக்கறதா?" என்று கண் கலங்கினார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நவம்பர் 12

பூனையிடம் புதிய சேதி: "திங்கக்கெழம நான் வாப்பாகூட வந்து அந்தப் புலியப் பாக்கப் போறன்னு சொல்லு."

பார்த்தால் என்ன சொல்லப்போகிறாள்? புலி அங்கே இருக்கிறது. எவர் கண்ணுக்கும் தெரிகிறது. என்னை நம்பு என்று எந்த வாயால் கேட்பது?

நவம்பர் 14, திங்கள்

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்கு ரிக்‌ஷாவில் வந்தார்கள். பதுருன்னிசா வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். மாமனார் பல் போன கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, மண்ணாங்கட்டியிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் இடம் விட்டு விலகினார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முதலில் புலியைப் பார்க்கவில்லை. இடது கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு மரமாக, தண்ணீரை, மேலே வெளிச்சத்தை, மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உள்ளே யாரோ கத்தினார். திரும்பவில்லை. கடைசியாகப் பானையருகில் வந்து நின்றாள். சாய்ந்து பார்க்கும்படி தனக்கொடி சொன்னாள். சாய்ந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம்.

"வாப்பா, இது அவங்க வரைஞ்சது இல்ல."

"எப்படிம்மா சொல்ற? ஊரே சொல்லுது."

"புலி நல்லாருக்கு வாப்பா."

மாமனார் புலியைப் பார்த்தார். இன்றைக்குத்தான் அது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி புலியைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "நெசந்தான்."

அவ்வளவுதான். விடுதலை. பதினைந்து நாளாக எதற்கு ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டாமா? எனக்குக் காது சூடாகிவிட்டது. 'ஏன், எனக்கு வராதா? நான்தான் வரைந்தேன்!' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்ல வேளை, கோபத்தில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"நான் வரையலதான்! சொவத்தச் சொரண்டல! மூணு மொழம் சொரண்டாம அடிச்சேன், மழைல உரிஞ்சி அடில இருக்கற மஞ்ச வெளிய வந்துடுச்சி! போதுமா?"

எல்லோர் எதிரிலும் கத்தினேன். மண்ணாங்கட்டி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். டாக்டர் குறடும் கையுமாக வாசலில் நின்றிருந்தார். தனக்கொடி மட்டும், "யாரு வரைஞ்சா இன்னா, புலி புலிதான்" என்றாள்.

துப்பட்டிக்குள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள்.

சாயங்காலம் வீட்டில் பூனையை விட்டுவிட்டு என்னிடமே பேசினாள்.

"வாக்கு தப்பினது அப்பறம். ஊரே பாக்கற எடத்துல போயி புலி வரைஞ்சிட்டீங்களேன்னுதான் எனக்கு ஒரே கவல. திரும்பவும் சிரிப்பாங்களேன்னு."

"திரும்பவுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பேனர் ஒண்ணு எங்க தெரு வழியா மாட்டு வண்டில போச்சி. மேளம் அடிச்சிக்கிட்டு. ஜன்னல்லேருந்து பாத்தேன். ராஜா குதிர மேல போறாரு. குதிரைக்கு அஞ்சு காலு."

"அது வாலு."

"கொளம்பு இருந்துச்சே."

நவம்பர் 15

ஐந்தாவது கால் வால்தான்.

நவம்பர் 16

வாலுக்குக் குளம்பு கிடையாது. சரி.

நவம்பர் 18, வெள்ளி

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவமானம். ஏழு வருஷமாக ஒரு பெரிய கலையை அவளுக்காகத் தியாகம் செய்தவன் என்ற நினைப்பில் நடந்தேன். காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூட அந்தத் தியாகத்தை ஜாடையாகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவளோ எல்லாம் தெரிந்து 'ம்' என்று இருந்திருக்கிறாள்.

இன்று ஜும்ஆ முடிந்து வந்ததும் கேட்டே விட்டேன். "அப்ப அந்த வாக்கு? மார்க்கத்துக்காக இல்லியா?"

"அதுக்காகவும்தான். வாப்பாகிட்ட அதத்தான் சொன்னேன்."

"எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தாங்குவீங்களா?"

தாங்கியிருக்க மாட்டேன். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"அந்தக் குதிரைக்குப் பின்னால ஒரு புளியமரம் இருந்துச்சி. ஓரத்துல, சின்னதா. குதிரையப் பாத்துத் தெருவே சிரிச்சிச்சி. நான் அந்த மரத்தப் பாத்தேன். அது நெழல்ல போயி ஒக்காரலாம் போல இருந்துச்சி. அடுத்த வாரம் உங்க வீட்லேருந்து கேட்டு வந்தாங்க. அந்தப் பேனர் எழுதின பெயிண்டருன்னு சொன்னாங்க. அந்த மரத்துக்காகத்தான் சரின்னேன்."

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் புளியமரம் எனக்கு ஞாபகமே இல்லை. குதிரையை வரைய ஒரு வாரம் ஆனது ஞாபகம் இருக்கிறது. மரம், காலியிடம் இருக்கிறதே என்று அரை மணியில் போட்டதாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 20

மழை நின்றது. இன்னும் கொஞ்சம் உதிர்ந்து, புலியின் தலை போய்விட்டது. இப்போது பார்த்தால் படுத்திருக்கிற பசு மாதிரி இருக்கிறது. தனக்கொடி வருத்தப்படுகிறாள். பாலாவது கறக்குமா என்று மண்ணாங்கட்டி கேட்கிறார். பொங்கல் கழித்து அந்த மூன்று முழத்தையும் ஒழுங்காகச் சுரண்டி மறுபடி அடித்துத் தருவதாக டாக்டரிடம் சொன்னேன். அவர், "அவசரமில்ல பாய், பசுவும் கால்ம்தான்" என்றார்.

1956 பிப்ரவரி 9, வியாழன்

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னட்டையில் எழுதுகிறேன்.

புது ஓட்டல் வைக்கும் காத்தவராயன் வீட்டுக்கு வந்திருந்தார். டாக்டர் வீட்டுக் காட்டைப் பார்த்தாராம். அதே மாதிரி சாப்பாட்டுக் கூடத்தில் வேண்டுமாம். எல்லாம் பேசி முடித்துவிட்டு, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தார்.

"தண்ணிகிட்ட ஒரு ரெண்டு மானு நின்னா அழகா இருக்கும் இல்லீங்களா பாய்?"

வாயில் பழைய பதில் தயாராக இருந்தது. எழுந்து ஓடிப்போயிடும் என்கிற பதில். உள்ளே அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மான் வரைய வராதுங்க" என்றேன். "மரம் வரும்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப மரமே போதுங்க" என்றார் காத்தவராயன்.

முறத்தின் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவோரம் இரண்டு டம்ளர் டீ வந்தது. வாடிக்கைக்காரர்களுக்கு அவள் டீ கொடுத்தனுப்பியது இதுதான் முதல் தடவை. எனக்கு வந்த டம்ளரில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.